காலை ஆறரைக்கு ஒருமுறை, இரவு எட்டுக்கு மேல் பலமுறை

கேள்வி: மதுரை திருநகரில் கீழும் மாடியுமாக எங்கள் சொந்த வீடு. ஃபைபர் இணைப்பு எடுத்து நான்கு வருடம் ஆகிறது. 100 எம்பிபிஎஸ் திட்டம். வைஃபை பெட்டி கீழே ஹாலில், டிவி ஸ்டாண்டுக்குள், பீரோவை ஒட்டி இருக்கிறது. மகள் மாடியில் பின்னறையில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனி வேலையைப் பார்க்கிறாள். மீட்டிங் நடுவில் படம் அப்படியே நின்றுவிடுகிறது. காலை ஆறரை வாக்கில் ஒருமுறை நெட் போய், நாலைந்து நிமிடம் கழித்து வருகிறது. இரவு எட்டு மணிக்கு மேல் மாடியில் அடிக்கடி சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆடிக் காற்று தொடங்கியதிலிருந்து சில நாள் சாயங்காலம் பெட்டியில் சிவப்பு விளக்கும் எரிகிறது. நான்கு முறை புகார் கொடுத்தோம். வந்தவர் "லைன் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போனில் பேசியவர்கள் 300 திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். கடைக்காரர் பூஸ்டர் ஒன்று வாங்கி மாட்டினால் போதும் என்கிறார். எதைச் செய்வது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநகர்

பதில்: வணக்கம் டீச்சர். திட்டத்தை மாற்றாதீர்கள். பூஸ்டரும் வாங்க வேண்டாம். ஒரு வாரம் பொறுங்கள்.

ஒரு வீடியோ மீட்டிங்குக்கு 3, 4 எம்பிபிஎஸ் ஒழுங்காக வந்தாலே தாராளம். 100 வாங்குகிற வீட்டில் மீட்டிங் நிற்கிறது என்றால் வேகம் போதாமல் நிற்கவில்லை. வழியில் எங்கோ ஒழுகுகிறது. அந்த ஓட்டையை அடைக்காமல் 300-க்குப் போனால் மாதாமாதம் பில்தான் ஏறும்.

நீங்கள் மணியைக் குறித்து எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பெரிய உதவி. "நெட் சரியில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால் நானும் பொதுவாக நாலு யோசனை சொல்லியிருப்பேன். காலை ஆறரை, இரவு எட்டு, ஆடிக் காற்று வீசும் சாயங்காலம் என்று தனித்தனியாகச் சொன்னதால், உங்கள் வீட்டில் இருப்பது மூன்று தனித்தனிக் கோளாறுகள் என்று தெரிகிறது. மூன்றும் மகளின் திரையில் ஒரே சுற்றலாகத்தான் தெரியும். அதனால்தான் வீட்டில் எல்லோரும் ஒரே கோளாறு என்று நினைத்துவிட்டீர்கள்.

நெட் உங்கள் மகளின் லேப்டாப்புக்கு வந்து சேர மூன்று கட்டம் தாண்ட வேண்டும். தெருக் கம்பத்திலிருந்து பெட்டி வரை கண்ணாடி இழை. அடுத்தது பெட்டியும் அதற்கு வரும் கரண்டும். கடைசியில் பெட்டியிலிருந்து மாடி அறை வரை வெறும் காற்று. வந்து பார்த்தவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். அவர் சோதித்தது முதல் கட்டத்தை மட்டும், அதுவும் அநேகமாகக் காற்றடிக்காத ஒரு மதிய நேரத்தில்.

முதலில் காலை ஆறரை. உங்களிடம் ஒரே ஒரு கேள்வி: தண்ணீர் மோட்டார் எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்?

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு வீட்டுக்கு இதே புகாருக்காக மூன்று முறை போனேன். மூன்று முறையும் எல்லாம் நன்றாக இருந்தது. அந்த வீட்டு அம்மா சங்கடத்தோடு காபி கொடுத்து அனுப்புவார். நான்காம் முறை, காலை ஆறு மணிக்கே போய் மீட்டரைப் பிளக்கில் செருகிவிட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். 228 வோல்ட் காட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் யாரோ போர் மோட்டார் ஸ்விட்சைத் தட்டினார்கள். ட்யூப்லைட் ஒருமுறை மங்கியது, மீட்டர் 170-க்கு இறங்கி ஏறியது. பெட்டியில் எல்லா விளக்கும் மொத்தமாக அணைந்து, பிறகு ஒவ்வொன்றாக எரிந்தது. மோட்டார் கிளம்பும் அந்த நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். வீட்டு வயரிங்கில் வோல்டேஜ் சட்டென்று இறங்கும். நல்ல அடாப்டர் 100 வோல்ட் வரை தாங்கும். நான்கைந்து வருடம் டிவி ஸ்டாண்டுக்குள் சூட்டில் கிடந்த அடாப்டரில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் காய்ந்து போயிருக்கும். அதனால் அந்த ஒரு நொடியைக்கூடத் தாங்க முடியாது. பெட்டி அணைந்து எழுந்து, மறுபடி நெட் கம்பெனியோடு பேசி, வைஃபை கொடுக்க மூன்று, நான்கு நிமிடம் ஆகும். நீங்கள் சொல்லும் நாலைந்து நிமிடக் கணக்கும் இதுவேதான்.

அந்த வீட்டில் அடாப்டரை மட்டும் மாற்றினேன். சில நூறு ரூபாய்ச் செலவு. பிறகு அவர்கள் கூப்பிடவே இல்லை.

உங்கள் வீட்டிலும் அதுவாக இருந்தால், அடாப்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்பதுபோல் இருக்கும். புதிதாக வாங்குவதில் வோல்ட் அச்சாக அதே இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவு அல்லது அதற்கு மேல் இருக்கலாம், குறையவே கூடாது. பின்னின் தடிமனும், நடுவில் ப்ளஸ் என்று காட்டும் குறியும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்கினால் தவறு வராது. கொஞ்சம் கூடச் செலவழிக்க முடியுமென்றால் ரூட்டருக்கென்று வரும் சின்ன யூபிஎஸ் ஒன்றை வாங்கிவிடுங்கள். மோட்டார் தொந்தரவும் போகும், கரண்ட் நின்றாலும் நெட் நிற்காது. ஃபைபரில் தெருக் கம்பத்தில் இருக்கும் பிரிப்பான் பெட்டிக்குப் பெரும்பாலும் மின்சாரமே தேவையில்லை. உங்கள் பெட்டிக்குக் கரண்ட் இருந்தால் போதும், தெருவே இருட்டாக இருந்தாலும் மகளின் மீட்டிங் ஓடும்.

அப்படியே பெட்டியை டிவி ஸ்டாண்டுக்குள்ளிருந்து வெளியே எடுங்கள். மதுரை சித்திரை வெயிலில் மூடிய மர அலமாரிக்குள் இருக்கும் பெட்டி கையை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். இதற்குக் காசு செலவில்லை, இன்றைக்கே செய்யலாம்.

அடுத்தது மாடி அறை. உங்கள் வீட்டில் பெரிய பிரச்சினை இதுதான். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

வைஃபை அலை மரத்தையும் செங்கல்லையும் ஓரளவு தாண்டும். இரும்பைத் தாண்டாது. உங்கள் பெட்டி பீரோவை ஒட்டி இருக்கிறது. அந்தத் திசையில் அது ஒரு இரும்புச் சுவர். பீரோவில் ஆளுயரக் கண்ணாடி இருந்தால் அதன் பின்பூச்சும் அலையைத் திருப்பி அடிக்கும். மேலே கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். மகளின் அறை பின்பக்கம் என்பதால் அலை அந்தத் தளத்தைச் சாய்வாகக் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் கான்கிரீட்டில் போகும் தூரம் கூடும். ஆக, மாடிக்குப் போய்ச் சேர்வது மிச்சம் மீதிதான்.

இப்போது வரும் பெட்டிகள் இரண்டு அலைவரிசையில் வைஃபை கொடுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கொஞ்சம் நன்றாகத் தாண்டும், ஆனால் நெரிசல் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாகப் போகும், சுவர் வந்தால் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4-இல் நம் நாட்டில் 13 சேனல்கள் (அலை போகும் தடங்கள்) இருந்தாலும் ஒன்றோடொன்று மோதாதவை என்று பார்த்தால் 1, 6, 11 என்று மூன்றுதான். திருநகர் மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய இடத்தில் இரவு எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் டிவியும் போனும் ஓடும்போது அந்த மூன்று சேனலில் இருபது வீடு முண்டியடிக்கிறது. சாயங்காலம் பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஒரே பஸ்ஸுக்குக் கூட்டம் ஏறுவதுபோல. சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் அதுவும் ஓடும் நேரத்தில் இதே அலைவரிசையில்தான் இரையும்.

இதை ஊகமாகவே விட்டுவிட வேண்டாம், சோதித்துப் பார்க்கலாம். இரவு ஒன்பது மணிக்கு மகளை லேப்டாப்போடு கீழே வரச் சொல்லுங்கள். பெட்டியின் பின்னால் லேன் ஓட்டை இருக்கும், அதில் ஒரு லேன் வயரைச் செருகி லேப்டாப்பில் மாட்டி, வைஃபையை அணைத்துவிட்டு வேகம் பார்க்கச் சொல்லுங்கள். 90-க்கு மேல் வந்தால் கம்பெனியின் லைனில் இரவு நேரக் குறை எதுவும் இல்லை. கோளாறு முழுக்க உங்கள் வீட்டுக் காற்றில்தான். வயரிலும் 10, 15 என்று வந்தால் அது கம்பெனி சரி செய்ய வேண்டியது, நீங்கள் வீட்டில் என்ன வாங்கி மாட்டினாலும் சரியாகாது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

இன்னொன்றையும் மகள் செய்து பார்க்கலாம், அவருக்குத் தெரிந்திருக்கும். மாடியில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, கறுப்புத் திரை இரண்டைத் திறந்து, ஒன்றில் பெட்டியின் முகவரிக்கும் (அடியில் ஸ்டிக்கரில் இருக்கும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும்) மற்றொன்றில் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கும் விடாமல் பிங் (பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் சோதனை) ஓட விடட்டும். படம் நின்ற நொடியில் பார்க்கட்டும். பெட்டியிடமிருந்தே பதில் தடுமாறி வந்தால் காற்றில் கோளாறு. பெட்டி ஒழுங்காகப் பதில் சொல்லி, 8.8.8.8 மட்டும் விட்டுப்போனால் வீட்டுக்கு வெளியே கோளாறு.

உங்கள் வீட்டில் காற்றுதான் என்று நான் நினைக்கிறேன். அப்படியென்றால் காசில்லாத வேலையை முதலில் செய்வோம். பெட்டியைப் பீரோவிலிருந்து நகர்த்தி, மாடிப்படி இருக்கும் பக்கமாக, தலை உயரத்தில் சுவரில் மாட்டுங்கள். படிக்கட்டு வழியில் கான்கிரீட் இல்லை, அலை அந்தத் திறப்பு வழியாக மேலே ஏறும். பெட்டிக்கு வரும் ஃபைபர் கயிறு அவ்வளவு தூரம் நீளாது என்றால் கம்பெனி ஆளைத்தான் கூப்பிட வேண்டும், நீங்களாக இழுக்காதீர்கள். பிறகு இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடுங்கள். டிவி, கேமரா எல்லாம் 2.4-இல் இருக்கட்டும். டிவிக்கு வயர் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. 2.4-இன் சேனலை ஆட்டோவில் விடாமல், போனில் வைஃபை அனலைசர் செயலி போட்டு, 1, 6, 11-இல் எது காலியாக இருக்கிறதோ அதில் வைக்கச் சொல்லுங்கள். அதே செயலியில் மகளின் மேசையருகே சிக்னல் எவ்வளவு என்றும் தெரியும். மைனஸ் 50 என்றால் அருமை, மைனஸ் 67 வரை மீட்டிங் நடக்கும், மைனஸ் 75-ஐத் தாண்டினால் இன்று நீங்கள் படும் பாடுதான்.

இவ்வளவும் செய்து மைனஸ் 70-க்குக் கீழேயே நின்றால், அப்போது செலவு செய்யலாம். ஆனால் பூஸ்டருக்கு வேண்டாம். பூஸ்டர் தனக்குக் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்லும். மாடி அறையிலேயே சிக்னல் நைந்து வரும்போது, அங்கே வைத்த பூஸ்டர் அந்த நைந்த சிக்னலைத்தான் சத்தமாகச் சொல்லும். போனில் கோடு நிறையத் தெரியும், படம் மட்டும் நிற்கும். விலை குறைந்த பூஸ்டர்கள் கேட்பதும் சொல்வதும் ஒரே அலைவரிசையில் என்பதால் வேகமும் ஏறக்குறையப் பாதியாகும். ஆட்கள் காசு கொடுத்து ஏமாந்து வந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கீழே இருக்கும் பெட்டியிலிருந்து மாடிக்கு ஒரு லேன் வயர் இழுத்துவிடுங்கள். அங்கே இரண்டாவதாக ஒரு சாதாரண ரூட்டர். கேட் 6 வகை லேன் வயர் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் போகும், உங்களுக்கு 15, 20 மீட்டர் போதும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வயரில் முழுச் செம்பும் உண்டு, அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு கொடுத்ததும் உண்டு. கடையிலேயே நுனியைச் சீவி, உள்ளிருக்கும் கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டச் சொல்லுங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் வாங்குங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம், அது சீக்கிரம் ஒடியும். வெளிச்சுவர் வழியாக இழுத்தால் பிவிசி பைப்புக்குள் விடுங்கள், வெயிலில் உறை வெடித்துவிடும். கரண்ட் வயர் போகும் பைப்புக்குள் மட்டும் கூடவே கூடாது.

மாடி ரூட்டரை அமைக்கும் ஆளிடம் நான்கு விஷயம் சொல்லுங்கள்: டிஹெச்சிபி (போன், லேப்டாப்புக்கு முகவரி ஒதுக்கும் வசதி) அணைக்கப்பட்டிருக்க வேண்டும், அதன் முகவரி கீழ்ப்பெட்டியின் முகவரியோடு மோதக் கூடாது, வயரை லேன் ஓட்டையிலிருந்து லேன் ஓட்டைக்கே செருக வேண்டும், சேனல் கீழே இருப்பதிலிருந்து வேறாக இருக்க வேண்டும். பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதே இருக்கட்டும், மகள் மாடிக்கும் கீழுக்கும் நடந்தாலும் போன் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

மாசி வீதிகளில் இருக்கும் பழைய சுண்ணாம்புச் சுவர் வீட்டுக்காரர்களுக்கும் இதையேதான் சொல்வேன். ஒன்றரை அடிச் சுவருக்கு முன்னால் எந்தப் பூஸ்டரும் நிற்காது. ஒத்தக்கடை, நரசிங்கம் பக்கம் ஃபைபர் இல்லாமல் சிம் போட்ட ரூட்டர் வைத்திருப்பவர்கள் கதை வேறு. யானைமலை ஒரே கருங்கல்லாக டவர் சிக்னலை மறிக்கும். அவர்கள் ரூட்டரை மலைக்கு எதிர்ப்பக்க ஜன்னலில், முடிந்தால் மாடியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாகச் சிவப்பு விளக்கு. எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பில் மினுக்கினால் பெட்டிக்கு வெளிச்சம் வரவில்லை என்று பொருள். ஃபைபரில் ஓடுவது கண்ணுக்குத் தெரியாத ஒளி. ஆடிக் காற்றில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கேபிள் ஊஞ்சல்போல ஆடும். எங்காவது ஒரு ஒட்டு தளர்ந்திருந்தாலோ, அணில் உறையைக் கடித்து வைத்திருந்தாலோ, ஆடும்போது ஒளி விட்டு விட்டு வரும். காற்று நின்றதும் சரியாகிவிடும். மதியம் வந்தவருக்கு அதனால்தான் தெரியவில்லை.

வீட்டுக்குள் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான். சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் மெல்லிய கயிறு பீரோவுக்குப் பின்னால் நசுங்கியோ மடங்கியோ இருக்கிறதா? உங்கள் கையிலிருக்கும் 2-6 அளவு வளையலை விடச் சின்ன வட்டமாக அதை வளைக்கக் கூடாது, ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். பெட்டியில் செருகியிருக்கும் பச்சை முனையைப் பிடுங்க வேண்டாம். தூசு ஒட்டினால் புதுக் கோளாறு. கழன்ற முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பது ஆபத்து. குழந்தைகள் வந்து போகும் வீடென்றால் அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

வெளியே உள்ளதைக் கம்பெனிதான் பார்க்க வேண்டும். அடுத்த முறை ஆள் வரும்போது ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரைப் பெட்டிக்குப் போகும் முனையில் வைத்து எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15-இலிருந்து 25 டிபிஎம் வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தொட்டால் லைன் பலவீனம் என்று அவரே ஒத்துக்கொள்வார். காற்றடிக்கும் சாயங்காலத்தில் வந்து அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் செல்போனில் பத்து நொடி வீடியோ எடுத்து வையுங்கள், தேதியும் மணியும் அதிலேயே பதிந்திருக்கும். ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. அந்த எண்ணோடு சரி செய்யாமல் விட்டால், அதே கம்பெனிக்குள் இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதியில் அதற்கு வழி இருக்கிறது. வீட்டுக்கு வரும் பையன்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள் டீச்சர். வெயிலில் கம்பம் ஏறுகிறவர்கள் அவர்கள், உங்கள் வீடியோவைக் காட்டினால் அவர்களும் மேலே காட்டி வேலையை முடிக்க வழி கிடைக்கும்.

நாளைக் காலை ஆறேகாலுக்குப் பெட்டிக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். வீட்டில் யாரையாவது மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். விளக்கெல்லாம் மொத்தமாக அணைகிறதா, இல்லை சிவப்பு மட்டும் எரிகிறதா என்று பாருங்கள். மோட்டாரோடு சேர்ந்து அணையாவிட்டால் பிளக்கும் ஸ்பைக் பாக்ஸும் தளர்வாக இருக்கின்றனவா என்று அசைத்துப் பாருங்கள். அணைந்தால், அடாப்டரின் லேபிளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எதை வாங்குவது என்று அன்றைக்கே பதில் எழுதுகிறேன்.